லாங்கபானா, ஃபெல்ட்ரிஃப்பா?

போன புரட்டாசியில் டர்பனிலிருந்து கேப் டவுன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மேற்குக் கடற்கரையின் இரண்டு உப்பங்கழிகளையும் பார்த்தோம். ஆர்27 சாலையில் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் லாங்கபான். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால், பெர்க் ஆறு கடலில் சேரும் ஃபெல்ட்ரிஃப். சாலை, தங்குமிடம் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பறவை பார்க்க என் ஓட்டு ஃபெல்ட்ரிஃப்புக்கு.

பெயரெடுத்தது லாங்கபான்தான், 1988 முதல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். சைபீரியாவிலிருந்து வரும் வளைமூக்கு உள்ளான்கள் கோடையில் ஆயிரக்கணக்கில் இறங்கும். கழியின் தெற்குக் கோடியிலுள்ள கீல்பெக்கில் பலகைப் பாதையில் நடந்து, மரக்குடிலில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் ஓதம் ஒத்துழைக்க வேண்டும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகள் குடிலை நோக்கி ஒதுங்கும். நாங்கள் கழியின் கடல்வாயில் நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போனோம். தெற்குக் கோடிக்கு நீர் வந்து சேரத் தாமதமாகும் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. கண்ணுக்கெட்டிய வரை சேறு, அதற்கப்பால் கடுகு சிதறினாற்போல் பறவைகள். அத்தான் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடுகு கடுகாகவே இருந்தது. கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கிட்டப் போகலாமென்றால், அந்தத் தெற்குப் பகுதிக்குள் எந்தப் படகுக்கும் அனுமதி இல்லை. அதே கழியின் கிரால்பாய் விரிகுடாப் பக்கம் துடுப்புப் போடலாம், தண்ணீர் அழகு, ஆனால் நாங்கள் தேடிய உள்ளான் கூட்டம் அங்கே இல்லை.

ஃபெல்ட்ரிஃப்பில் ஆற்றுத்தடத்தில் எப்போதும் தண்ணீர் உண்டு. பறவை நம்மிடம் வரக் காத்திருக்க வேண்டாம், நாமே போகலாம். கயாக்கில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மிதந்தோம். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரைச் சலித்துக்கொண்டே தமக்குள் முணுமுணுப்பது தெளிவாகக் கேட்டது. ஆசைப்பட்டு ஓரம் ஒதுங்கியதும் படகின் அடி சேற்றில் உரசி நின்றது. துடுப்பை ஊன்றித் தள்ளியதில் முழங்கை வரை கறுப்புச் சேறு. மதியத்துக்குமேல் காற்று எழும்பிவிட்டது, அதனால் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

இரண்டு இடத்துக்கும் ஒரே தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் வசந்தத்தில். முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிப்போவதானால், ஓத நேரம் கேட்டுக்கொண்டு கீல்பெக்குக்கே போவேன்.

ஃபெல்ட்ரிஃப்பின் போக்கம்லான் தெருவில் மீனை உப்பிட்டுக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அசல் கருவாட்டு வாசம், எங்களுக்கோ புரட்டாசி விரதம். அத்தான் ஒரு கட்டு வாங்கி டிக்கியில் போட்டார். “மாசம் முடியட்டும்” என்றார். கேப் டவுன் வரைக்கும் அக்கா கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள்.