எல் 03.213-ஆ, எச் 05.01-ஆ? கண்ணைச் சுற்றிய செல்லுலைட்டிஸில் எது எப்போது

காலையில் எழுந்தால் ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இமை சிவந்து பொதபொதவென்று வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, கூடவே காய்ச்சல். இது செல்லுலைட்டிஸாக, அதாவது திசுக்களில் பரவும் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பெரிஆர்பிட்டல் செல்லுலைட்டிஸும் இப்படித்தான் தொடங்கும், ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸும் இப்படித்தான் தொடங்கும். முதலாவதைப் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம். இரண்டாவதில் தாமதம் பார்வையைப் பறிக்கும். தொற்று மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவக் குறிப்பில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது ‘பெரி’ என்ற இரண்டெழுத்துதான். நாள் முழுக்க நோயாளிகளின் சார்ட் படித்துக் கோடிங் செய்கிறவள், அதாவது மருத்துவர் எழுதிய நோய்க்கு எல் 03.213 போன்ற குறியீடு போடுகிறவள் நான். ‘கண் செல்லுலைட்டிஸ்’ என்று மட்டும் எழுதி முடித்த குறிப்பைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதறும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆர்பிட்டல் செப்டம். கண்குழியின் எலும்பு விளிம்பில் தொடங்கி மேலிமைக்கும் கீழிமைக்கும் உள்ளே இறங்கும் மெல்லிய நார்ச் சவ்வு அது. தொற்று அதற்கு முன்னால், தோலிலும் இமைத் திசுவிலும் நின்றால் பெரிஆர்பிட்டல். ப்ரீசெப்டல் என்றாலும் அதுவேதான். சவ்வுக்குப் பின்னால், விழியைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் தசையிலும் பரவினால் ஆர்பிட்டல்.

வந்த வழியும் வேறு. முன்பக்கத் தொற்று பெரும்பாலும் தோல் வழியாக வரும்: பூச்சிக்கடி, கீறல், கண்கட்டி, கண்ணீர்ப்பையில் அழற்சி. பின்பக்கத் தொற்றுக்கு முக்கியக் காரணம் சைனஸ், அதிலும் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள எத்மாய்ட் சைனஸ். அதற்கும் கண்குழிக்கும் நடுவில் இருக்கும் எலும்புச் சுவர் தாள்போல மெல்லியது. அதன் லத்தீன் பெயரான லாமினா பாப்பிரேசியாவுக்கும் ஏறக்குறைய அதுதான் அர்த்தம். இந்தப் பகுதிச் சிரைகளில் வால்வுகளும் இல்லாததால் தொற்று எந்தத் திசையிலும் போகலாம். அதனால் கீறலோ கடியோ எதுவும் இல்லாமல், சளி பிடித்திருந்த குழந்தைக்குக் கண் வீங்கினால் கூடுதல் கவனம் வேண்டும்.

இமையைப் பிரித்துப் பார்த்தாரா?

நான் ஒரு குறிப்பில் முதலில் தேடுவது இதைத்தான். வீங்கிய இமையை விரலாலோ ரிட்ராக்டராலோ மெதுவாகப் பிரித்து உள்ளே பார்த்திருக்க வேண்டும். பார்வை எவ்வளவு? கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா? விழி நாலு பக்கமும் திரும்புகிறதா? திரும்பும்போது வலிக்கிறதா? விழி முன்னுக்குத் தள்ளியிருக்கிறதா? எல்லாமே இயல்பு என்றால் தொற்று முன்பக்கத்தில்தான் நிற்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். விழியசைவில் வலி, அசைவுக் குறைவு, விழிப் பிதுக்கம், பார்வை மங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆர்பிட்டல் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு நகர வேண்டும். வெண்விழியின் மேல்சவ்வு நீர்கோத்து உப்பியிருப்பதும் எச்சரிக்கைதான்.

காய்ச்சலையும் வெள்ளையணு எண்ணிக்கையையும் வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டிலும் ஏறலாம், இரண்டிலும் ஏறாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் கண்குழிக்கும் சைனஸுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேன். இமை பிரிக்கவே முடியாத சின்னக் குழந்தைக்கும் அதே வழிதான். கதிர்வீச்சை நினைத்துத் தயங்குவது புரிகிறது. ஆனால் விழியசைவைப் பார்க்கவே முடியாதபோது ஸ்கேனைத் தள்ளிப்போடுவது இன்னும் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

குறியீடுகளை அருகருகே வைத்தால்

அமெரிக்காவில் பயன்படும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் பெரிஆர்பிட்டல் செல்லுலைட்டிஸுக்கு எல் 03.213. இது தோல் நோய்கள் அத்தியாயத்தில், முகச் செல்லுலைட்டிஸான எல் 03.211-க்குப் பக்கத்தில் இருக்கிறது. 2016 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இதற்கென்று தனிக் குறியீடே கிடையாது. ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ் கண் அத்தியாயத்தில் இருக்கிறது: வலது கண்குழிக்கு எச் 05.011, இடதுக்கு எச் 05.012, இரண்டுக்கும் சேர்த்து எச் 05.013, எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் எச் 05.019. கடைசியில் சொன்னதை நான் முடிந்தவரை தொடுவதில்லை. கண்ணைப் பரிசோதித்த மருத்துவருக்கு எந்தக் கண் என்று தெரியாமலா இருக்கும்? ஒரு வரி கேட்டு எழுதினால் பதில் வந்துவிடும்.

இந்த இரண்டிலும் ஆளுக்கொரு குறை உண்டு. எல் 03.213-இல் இடது, வலது கிடையாது. அதே இமையில் வரும் சீழ்க்கட்டிக்கோ எச் 00.031 முதல் எச் 00.036 வரை மேலிமை, கீழிமை என்றுகூடப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, பெரிஆர்பிட்டலில் எந்தக் கண் என்பது மருத்துவர் குறிப்பில் மட்டும்தான் இருக்கும். குறியீட்டில் தேடினால் கிடைக்காது.

எச் 05.01 வரிசையின் குறை அதைவிடப் பெரியது. 1970-இல் மருத்துவர் சாண்ட்லரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை ஐந்தாக வகுத்தார்கள்: இமையோடு நிற்பது, கண்குழிச் செல்லுலைட்டிஸ், எலும்புறைக்கு அடியில் சீழ், கண்குழிக்குள் சீழ், கண்குழிக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் இருக்கும் சிரைக்குழியான கேவர்னஸ் சைனஸில் ரத்த உறைவு. முதலாவதுக்கு எல் 03.213. ஐந்தாவது சீழ்த்தொற்றால் வருவதால் ஜி 08-க்குப் போகும். நடுவில் இருக்கும் மூன்றையும் ஒரே எச் 05.01-க்குள் போட்டுவிட்டார்கள், கண்குழிச் சீழ் உட்பட. ஊசி மருந்தில் அடங்கிய நோயாளிக்கும், அறுவை அரங்குக்குப் போன நோயாளிக்கும் நோய்க் குறியீடு ஒன்றே. தரவை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எங்கே சீழ் இருந்தது என்பதைச் செயல்முறைக் குறியீடும் ஸ்கேன் அறிக்கையும்தான் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இலோ இந்தப் பிரிவுகூடக் கிடையாது, கண்குழியின் கடும் அழற்சி எல்லாமே எச் 05.0 என்பதோடு முடிந்துவிடும்.

‘ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸா என்று பார்க்க வேண்டும்’ என்ற வரியில்தான் புதிதாக வரும் கோடர்கள் அதிகம் தடுக்கி விழுவார்கள். புறநோயாளி வருகையில் சந்தேகத்துக்குக் குறியீடு கொடுக்கக் கூடாது. உறுதியானதை மட்டும் எடுக்க வேண்டும். பெரிஆர்பிட்டல் என்று மருத்துவர் முடிவு சொல்லியிருந்தால் எல் 03.213. எதுவுமே முடிவாகவில்லை என்றால் அறிகுறிதான்: இடது மேலிமை வீக்கத்துக்கு எச் 02.844, இடது கண் வலிக்கு எச் 57.12. உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போது ‘பெரும்பாலும் ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்’ என்று மருத்துவர் எழுதினால் விதி தலைகீழ். அங்கே அதை இருக்கும் நோயாகவே எடுத்துக் குறியிடலாம்.

கூடவே போகும் குறியீடுகளை விட்டுவிட வேண்டாம். கல்ச்சர் பரிசோதனையில் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) வந்து மருத்துவர் அதைக் காரணமாக எழுதியிருந்தால் பி 95.62. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் பி 95.61. காரணம் எத்மாய்ட் சைனஸ் என்றால் ஜே 01.2 வரிசை.

மாத்திரையா, ஊசியா

பெரிஆர்பிட்டல், நோயாளி தெம்பாக இருக்கிறார், கண் பரிசோதனை இயல்பு: வாய்வழி ஆன்டிபயாடிக் போதும். பரவலாகக் கொடுப்பது அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். எம்ஆர்எஸ்ஏ சந்தேகம் இருந்தால் கிளிண்டாமைசின், அல்லது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபமெத்தாக்ஸசோலோடு ஒரு பீட்டா-லாக்டம் (பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்து). ட்ரைமெத்தோப்ரிம் கூட்டை மட்டும் தனியாகக் கொடுப்பதில் ஒரு பிரச்சினை இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸை அது பிடிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸை நம்பிக்கையாகப் பிடிக்காது. இந்த நோயில் இரண்டுமே வரும். வழக்கமாக 5 முதல் 7 நாள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, சோர்ந்து கிடப்பவர், சரியாகப் பரிசோதிக்க முடியாதவர் என்றால் மாத்திரையில் விடாமல் சேர்த்துக்கொள்வதே முறை.

ஆர்பிட்டல் என்றால் தேர்வுக்கே இடமில்லை. மருத்துவமனையில் சேர்த்து, நரம்புவழி மருந்து. வான்கோமைசினோடு செஃப்ட்ரியாக்ஸோன் பரவலான கூட்டணி. மூளைப் பக்கம் போயிருக்குமோ என்ற சந்தேகமோ, பல்லிலிருந்து வந்த தொற்றோ இருந்தால் காற்றில்லா நுண்ணுயிரிகளுக்காக மெட்ரோனிடசோல் சேரும். தேறியபின் மாத்திரைக்கு மாறி, மொத்தம் 2 முதல் 3 வாரம். கண் மருத்துவர், காது-மூக்கு-தொண்டை மருத்துவர் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. பார்வையையும் கண்மணியையும் ஒரு நாளில் பல தடவை சோதிக்க வேண்டும்.

சீழ் தெரிந்தவுடன் கத்தி என்பதும் இல்லை. 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, மூக்குப் பக்கச் சுவரில் சின்னதாக எலும்புறைச் சீழ், பார்வை நன்றாக இருக்கிறது என்றால் மருந்தோடு கண்காணித்துக் காத்திருக்கலாம். பார்வை குறைந்தாலோ, கண்மணி சரியாகச் சுருங்காவிட்டாலோ, சீழ் பெரிதாக இருந்தாலோ, 24 முதல் 48 மணி நேர மருந்துக்கும் அசையாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரையோடு வருபவருக்கு மூக்கினுள் கருத்த திசு தென்பட்டால் அது வேறு கதை: மியூகர்மைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று, பி 46.1. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பூஞ்சை மருந்தும் அவசர அறுவையும் வேண்டும்.

மாத்திரையோடு வீட்டுக்குப் போனவரை 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வருகையின் குறிப்பை நான் மிகவும் நிதானமாகப் படிப்பேன். முதல் நாள் ‘அசைவு முழுமை, வலி இல்லை’ என்று எழுதிய அதே இடத்தில், மறுநாள் ‘மேல்நோக்கிப் பார்க்கும்போது வலி, 2 மில்லிமீட்டர் பிதுக்கம்’ என்று இருக்கும். அன்றைய ஸ்கேனில் ஆர்பிட்டல் என்று உறுதியானால், இடது கண் என்றால் சேர்க்கைக்கு எச் 05.012. அதற்காக முதல் வருகையின் எல் 03.213-ஐ அழித்துத் திருத்தக் கூடாது. அன்றைக்கு மருத்துவர் கண்டது அதுதான், எந்த நாளில் தொற்று சவ்வைத் தாண்டியது என்பதற்கு அந்த இரண்டு குறியீடுகளின் தேதிகளே சாட்சி.