நாலு வருஷமாக ஜிசிசி, ஜிடிபி: செங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடைக்கு எடைச்சிட்டை போடும் விண்டோஸ் புரோகிராமை சி++ இல் எழுதி நாலு வருஷமாகப் பராமரிக்கிறேன். சாயங்காலம் லோடு புளியரை தாண்டிக் கேரளாவுக்குக் கிளம்புவதற்குள் சிட்டை சரியாக வந்தாக வேண்டும். இத்தனை நாளில், எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலருக்கும் (ஜிசிசி), புரோகிராமை இடையில் நிறுத்தித் தவறைத் தேட உதவும் டீபக்கருக்கும் (ஜிடிபி) ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. இரண்டில் டீபக்கர்தான் என்னைக் காப்பாற்றியது, ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

நான் வைத்திருப்பது எம்சிஸ்2, இந்த இரண்டையும் விண்டோஸில் இறக்கித் தரும் இலவசத் தொகுப்பு. நிறுவினால் சி டிரைவில் எம்சிஸ்64 என்ற ஃபோல்டர் வரும். முதலில் அதன் ஜன்னலில், மென்பொருள்களை இறக்கிப் புதுப்பிக்கும் கட்டளையான பேக்மேனை ஹைஃபன் எஸ்ஒய்யு (-Syu) போட்டு ஓட்டுங்கள். பாதியில் ஜன்னலை மூடச் சொல்லும், பயப்பட வேண்டாம், மறுபடி திறந்து இன்னொரு தடவை ஓட்டினால் போதும். அப்புறம் யூசிஆர்டி64 வகை (விண்டோஸின் யூசிஆர்டி என்ற சி நூலகத்தைப் பயன்படுத்தும் வகை) ஜிசிசியையும் ஜிடிபியையும் சேர்த்தே இறக்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ், மிங்டபிள்யூ64, யூசிஆர்டி64 என்று பல ஜன்னல்கள் இருக்கும். ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள்.

இதில் எனக்கு ஒரு வாரம் வீணானது. பழைய மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான இன்னொரு ஜிசிசி தொகுப்பு) ஒன்று முன்பே கணினியில் இருந்தது, கட்டளையை விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டரில் தேடும் என்ற பாத் வரிசையில் அதுதான் முன்னால், நான் புதிதாக எதை இறக்கினாலும் ஓடியது பழைய ஜிசிசிதான். கமாண்ட் பிராம்ப்டில் 'வேர் ஜிசிசி' (where gcc) என்று அடித்தால் எது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

டீபக்கர் கதைக்கு வருகிறேன். ஒரு ஆடி மாதம், வெளியே சாரல், கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்: "தம்பி, தக்காளி லோடு சிட்டையில மொத்தம் இடிக்குதே, எல்லாச் சிட்டையிலயும் இல்ல, ஒண்ணு ரெண்டுல மட்டும்." இரண்டு நாள் எங்கெங்கோ மதிப்பை அச்சிடும் பிரின்ட்எஃப் வரி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் ஹைஃபன் ஜி (டீபக்கருக்கான தகவலைச் சேர்க்க), ஹைஃபன் ஓ0 (வேகத்துக்காகக் கம்பைலர் கோடை மாற்றாமலிருக்க) என்று கொடுத்து மறுபடி கம்பைல் செய்து ஜிடிபியில் திறந்தேன். ஓ0 முக்கியம், ஓ2 வில் கம்பைல் செய்திருந்தால் பாதி வேரியபிள்களுக்கு 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்றுதான் பதில் வரும். மெயின் ஃபங்ஷனில் பிரேக் (நிறுத்தம்) வைத்து ரன் கொடுத்து, மொத்தம் என்ற குளோபல் வேரியபிளுக்கு வாட்ச் போட்டுவிட்டு கன்டினியூ அடித்தேன். மதிப்பு மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் காட்டி நின்றது. ஒரு இடத்தில் நின்றபோது அந்த வரிக்கும் மொத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த ஃபங்ஷனில் நிற்கிறது, அதை யார் அழைத்தது என்று காட்டும் பேக்டிரேஸைப் பார்த்தால் எடையை வாங்கும் ஃபங்ஷன். 12 சரக்குக்கு மட்டும் இடம் ஒதுக்கிய அரேயில் 13ஆவது சரக்கை எழுதியிருக்கிறேன், அது அடுத்திருந்த மொத்தத்தின் மேல் விழுந்திருக்கிறது. பெரிய லோடுக்கு மட்டும் கணக்கு இடித்த காரணம் அதுதான். இரண்டு நாள் தேடியது பத்து நிமிஷத்தில் முடிந்தது. இந்த வாட்ச் வேலையைப் பிராசசரே செய்வதால் வேகம் குறையாது, ஆனால் சாதாரண இன்டெல், ஏஎம்டி பிராசசரில் ஒரே நேரத்தில் நாலு இடத்துக்குத்தான் அப்படிப் போட முடியும்.

எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோவது தனி வேலை. என் கணினியில் ஓடியது அங்கே லிப்எஸ்டிடிசி++ டிஎல்எல் (சி++ நூலகக் கோப்பு) இல்லை என்றது. லிங்க் செய்யும்போது, நூலகத்தைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஹைஃபன் ஸ்டாட்டிக் கொடுத்ததும் அந்தப் பிழை போய்விட்டது. கடையில் இருந்த விண்டோஸ் 7 கணினியில் அப்போதும் ஓடவில்லை, ஏனென்றால் யூசிஆர்டி நூலகம் விண்டோஸ் 10 முதல்தான் கூடவே வருகிறது. அண்ணாச்சி கணினியை மாற்றிவிட்டார்.

எடிட்டர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோட்பிளாக்ஸில் தொடங்கினேன், இப்போது விஎஸ் கோட். இரண்டும் பின்னால் அழைப்பது இதே ஜிடிபியைத்தான்.

ஆரியங்காவில் அத்தை மகன் வீடு. அவன் மகள் கேரள அரசுப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ்தான் கணினியில் இருக்கும், வீட்டிலும் அதையே போட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஜிசிசி அடங்கிய பில்டு எசென்ஷியல் தொகுப்பும் ஜிடிபியும், அங்கே மென்பொருள் இறக்கும் கட்டளையான ஏப்டியில் ஒரே வரியில் இறங்கிவிட்டன. என் அரே தவறை அவள் கணினியில் ஹைஃபன் எஃப்சானிடைஸ் அட்ரஸ் (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினால் பிடிக்கும் வசதி) கொடுத்து கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்தோம், டீபக்கரே இல்லாமல் தவறு இருக்கும் வரியின் எண்ணைச் சொல்லிவிட்டது. என் யூசிஆர்டி64 ஜிசிசியில் அந்த வசதி இல்லை. அதனால் இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் லினக்ஸில் ஒரு தடவை ஓட்டிய பிறகே கடைக்குக் கொடுக்கிறேன். கட்டளைகள் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால், அவள் எங்காவது மாட்டிக்கொண்டால் "பிரேக் போடு, நெக்ஸ்ட் அடி, இன்ஃபோ லோக்கல்ஸில் என்ன வருது?" என்று போனிலேயே சொல்ல முடிகிறது.