குழலைத் தேய்ப்பதை நிறுத்திய பிறகு

கோவை கணபதியில் என் லேத் பட்டறைக்குப் பின்னால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சந்து. அதன் மறுமுனையில் மணல் நிரப்பிய மரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நின்று காற்றுத் துப்பாக்கி சுடுவது பத்து வருடப் பழக்கம். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை, துளை 4.5 மி.மீ. விசை 20 ஜூலுக்குள் அடங்குவதால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளுக்கு ஒருமுறை குழலைத் துடைக்க வேண்டுங்கண்ணா?" என்பதுதான். கேள்வியே பிசகு என்று எனக்கு உறைக்க மூன்று வருடம் பிடித்தது.

பிசகு அப்புச்சியிடமிருந்து, அம்மாவின் அப்பாவிடமிருந்து, வந்தது. புளியம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் பன்றி விரட்ட, உரிமத்தோடு வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வெடித்த அன்றிரவே அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவாமல் படுக்க மாட்டார். கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும். விட்டால் இரும்பைத் தின்றுவிடும். ஒரு தேர்தலுக்குக் கழுவாமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வாங்கியபோது உள்ளே துருவேறிக் கிடந்ததை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் சும்மா இருப்பேனா? சுட்ட ஒவ்வொரு வாரமும் என் குழலையும் தேய்த்தேன்.

காற்றுத் துப்பாக்கியில் மருந்தே கிடையாது. படிவது காரீயம் மட்டும். அது தண்ணீருக்குக் கரையாது. அது எப்போது படிகிறது என்று தெரியாமல் தேய்த்துப் பயனில்லை.

என் மடத்தனங்களில் முதலிடம் தேங்காய் எண்ணெய்க்கு. பொள்ளாச்சியிலிருந்து மச்சான் கொண்டுவந்த செக்கு எண்ணெய் கையருகே இருந்தது. துணியில் நனைத்துக் குழலில் இழுத்தேன். அடுத்த குண்டு பட்டாசு மாதிரி வெடித்தது. பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் உண்டாகும் சூட்டில், உள்ளே ஒழுகிய எண்ணெய் எரிந்திருக்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பதைப் போல. நாலைந்து முறை அப்படி வெடித்ததில் பிஸ்டன் சீல் போனது. மிச்சம் இருந்த எண்ணெய் மார்கழிக் குளிரில் குழலுக்குள் உறைந்து நின்றது தனிக் கூத்து.

அடுத்தது பட்டறைப் பையன் வெல்டிங் கம்பியில் துணி சுற்றி, வாய்ப்பக்கமாக விட்டுக் குத்தியது. விளிம்பில் ஒரு கீறல். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் கீறலால், ஒற்றை ரூபாய்க் காசுக்குள் விழுந்த ஐந்து குண்டுகள் தோசைக்கரண்டி அகலத்துக்குப் பரவின. உருண்டைத் தலை பித்தளைத் திருகாணியை டிரில்லில் மாட்டி, வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மெதுவாக ஆட்டி ஆட்டி விளிம்பைத் தீட்டிச் சரிசெய்தேன். பேஸ்ட் குழலுக்குள் இறங்காமல் இருக்க எண்ணெய்த் துணி அடைப்பது முக்கியம்.

காரீயம் எப்போது படிகிறது என்பதற்கு விடை கிடைத்தது குழலில் அல்ல, பெல்லட் எனப்படும் ஈயக் குண்டுகளின் டப்பாவில். மலிவான பெல்லட்டுகளை மைக்ரோமீட்டரில் பிடித்தால் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றின் பாவாடை, அதாவது பின்பக்கம் விரிந்த மெல்லிய விளிம்பு, நசுங்கியிருந்தது, எல்லாவற்றிலும் ஈயப் பொடி. தளர்ந்த பெல்லட்டைச் சுற்றிக் காற்று பீறும். வறண்ட ஈயம் குழலுக்குள் வெட்டிய திருகுவரிகளின் முனையில் உரசி ஒட்டும். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்கும் போட்டிப் பெல்லட்டுகளை வாங்கிப் பார்த்ததில் என் குழலுக்கு 4.51 பொருந்தியது. விலை ஏறக்குறைய மூன்று மடங்கு, மனைவியிடம் சொல்லவில்லை. இலேசான, வேகமாகப் பாயும் பெல்லட்டுகளைக் கைவிட்டு 0.53 கிராமுக்கு வந்ததும் துப்பாக்கியின் உதைப்பும் அடங்கியது.

மலிவு டப்பாவில் மிச்சம் இருந்ததை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பெல்லட்டுக்கென்று விற்கும் எண்ணெயில் மூன்று சொட்டு பஞ்சில் விட்டு உருட்டினேன். அலசிய நீர் கறுப்பாக இறங்கியது. இத்தனை நாளும் அது குழலுக்குள்தான் போயிருக்கிறது. அந்த ஏனத்தைச் சமையலறைக்குள் விடுவதில்லை. சுட்டு முடித்துக் கை கழுவாமல் டீயைத் தொடுவதுமில்லை.

இப்போது நாள் பார்த்துத் துடைப்பதில்லை. ஐந்து குண்டும் காரணமில்லாமல் பரவினால் மட்டும், மீன்பிடி நைலான் நரம்பை இரட்டையாக மடித்து, பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் உலர்ந்த துணியை இழுக்கிறேன். துணி வெளுப்பாக வரும்வரை நாலைந்து இழுப்பு போதும். துடைத்த பின் முதல் இருபது, முப்பது குண்டுகள் தாறுமாறாகத்தான் போகும். குழல் மெல்லிய ஈயப் பூச்சைத் திரும்பப் பிடித்ததும் ஓர் இடத்தில் சேரும். வாராவாரம் தேய்த்த காலத்தில் அந்த முப்பதைத் தாண்டும் முன்பே மறுபடி துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியாகத் துணி இழுத்தது ஆடியில். அதன் பிறகு 500 குண்டு டப்பாக்கள் இரண்டு காலி.