ஃபெட் சிமுலேஷன்கள்: இலவசம்தான், ஆனால் ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது

வகுப்பறைக்கென்று வரும் செயலிகளில் பல, பழைய வினாடி வினாவுக்கே வண்ணம் பூசியவை. ஃபெட் (PhET) அந்த ரகம் இல்லை, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க வைக்கும் சிமுலேஷன்களின் தொகுப்பு இது. இயற்பியலுக்கான 2001 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசு கிடையாது, மாணவர்கள் கணக்குத் தொடங்க வேண்டாம், உலாவியிலேயே ஓடும். இணையம் படுத்தும் இடமென்றால் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பலவற்றைத் தமிழிலும் திறக்கலாம், ஆனால் கலைச்சொற்கள் உங்கள் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மின்சுற்று சிமுலேஷன். மின்கலம், கம்பி, பல்பு என்று இழுத்துப் போட்டு இணைத்தால் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. "முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடும், அடுத்ததுக்கு மிச்சம்தான் போகும்" என்று நம்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, வாயால் எத்தனை தடவை மறுத்தாலும் அது தேர்வில் மறுபடி வந்து நிற்கும். இதில் இரண்டு பல்பைத் தொடராக இணைத்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புகளுக்கு முன்னால், நடுவில், பின்னால் என்று நகர்த்தினால் எல்லா இடத்திலும் ஒரே எண்தான். ஷார்ட் சர்க்யூட் ஆனால் மின்கலத்திலிருந்து தீ வரும். அதை மட்டுமே செய்து பார்க்க ஒரு கூட்டம் இருக்கும், பார்க்கட்டும் விடுங்கள், ஏன் எரிந்தது என்று அவர்களையே கேட்டால் பாடம் தானாக நகரும்.

ஆனால் ஆசிரியரே ப்ரொஜெக்டரில் போட்டு ஓட்டிக் காட்டினால் இது வெறும் படம்தான். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் "எந்த பல்பு அதிகமாக எரியும், ஏன்?" என்று ஒவ்வொருவரையும் எழுத வைத்து, பக்கத்திலிருப்பவரோடு வாதாட விட்டு, அதற்கப்புறம் போட வேண்டும். எழுதிய பதில் பொய்த்துப்போகும்போது வரும் "எப்படி?"தான் நமக்கு வேண்டியது.

குறைகளும் உண்டு. தளத்தில் ஆசிரியர்கள் பகிரும் பயிற்சித்தாள்கள் ஒரே தரத்தில் இல்லை, சில "இதை அழுத்து, அதை எழுது" என்று யோசிக்க இடமே வைப்பதில்லை. சின்ன போன் திரையில் கம்பி இணைப்பது பெரும்பாடு. அப்புறம், நிஜக் கம்பி தளர்ந்து பல்பு எரியாமல் போனால் எங்கே கோளாறு என்று தேடும் பழக்கத்தை இது கற்றுத் தராது, ஆய்வக வகுப்பை ரத்து செய்ய இதைச் சாக்காக்க வேண்டாம். உயிரியலுக்கான சிமுலேஷன்கள் குறைவு. இயற்பியல் எடுப்பவர்கள் தாராளமாக இறங்கலாம், மின்சுற்றிலிருந்தே தொடங்குங்கள்.