மந்தை எப்போது கன்று போட வேண்டும்: புல் துளிர்க்கும் முன்பா, துளிர்த்த பின்பா?

இறைச்சி மாட்டு மந்தையில் காளையை எந்த மாதம் உள்ளே விடுகிறோமோ, அந்த ஆண்டின் மற்ற வேலைகள் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். புல் துளிர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கன்று போட வைப்பது ஒரு முறை. பசும்புல் தரையில் நிற்கும்போது போட வைப்பது இன்னொன்று. எங்கள் மந்தையை முதல் முறையிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிவிட்டேன். பழையபடி திரும்பும் எண்ணம் இல்லை.

முந்திப் பிறந்த கன்று, விற்கும் நாளில் எடை கூடுதலாக நிற்கும். அது உண்மைதான், மறுக்க முடியாது. கேள்வி, அந்த எடைக்கு என்ன செலவாகிறது என்பது.

நடுச்சினையில் இருக்கும் பசுவுக்கு 7–8% புரதம் உள்ள காய்ந்த தீவனமே போதும். கன்று போட்டதும் கதை மாறிவிடும். சுமார் இரண்டு மாதத்தில் பால் உச்சத்துக்கு ஏறும். அப்போது தீவனத்தில் 10–11% புரதம் வேண்டும், எரிசக்தியும் அதற்கேற்ப வேண்டும். புல் இல்லாத காலத்தில் இதையெல்லாம் வைக்கோல் போரிலிருந்தும் தீவன மூட்டையிலிருந்தும்தான் எடுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பசு தன் உடம்பைக் கரைத்துக் கன்றுக்குப் பால் தரும், ஆனால் பருவத்துக்கு வராது.

இங்கேதான் நட்டம். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 82 நாளுக்குள் மறுசினை பிடிக்க வேண்டும். கருப்பை தேறவே ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவச் சுழற்சியில் மிஞ்சுவது இரண்டு வாய்ப்பு. மெலிந்த பசு அவற்றைத் தவறவிடும், அடுத்த ஆண்டு பிந்தி ஈனும், பிறகு ஒரு ஆண்டு வெறும் மாடாக நிற்கும். நாலைந்து கன்றுகளின் கூடுதல் எடையைச் சேர்த்தாலும், பிறக்காமல் போன ஒரு கன்றை ஈடுகட்டுவது கடினம்.

புல்லோடு சேர்த்து ஈன்றால் இந்த உச்சத் தேவையை மேய்ச்சலே தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் உடல்நிலையைப் பார்க்காமல் விடக் கூடாது. 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையுள்ள மதிப்பீட்டில், ஈனும்போது பசு 5-லும் தலையீத்துக் கிடேரி 6-லும் இருக்க வேண்டும். மெலிந்தவை தெரிந்தால் கன்றை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். பால் வற்றினாலே சதை பிடிக்கத் தொடங்கும், அதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

இதிலும் குறை உண்டு. காளை சேரும் மாதங்கள் கடும் வெயிலில் விழுந்தால் சினை பிடிப்பு குறையும். சூட்டில் கெட்ட விந்து தேற இரண்டு மாதம் பிடிக்கும். கொளுத்தும் வெயில் பகுதிகளில் என் கணக்கு அப்படியே செல்லும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். சேற்றில் கன்றுக் கழிச்சலும் பரவும். அதைத் தவிர்க்க நாங்கள் இன்னும் ஈனாத பசுக்களை அவ்வப்போது புதுத் தரைக்கு ஓட்டிவிட்டு, கன்று போட்டவற்றைப் பழைய இடத்திலேயே நிறுத்துகிறோம்.

மாற நினைப்பவர்கள் காளையை ஒரே ஆண்டில் இரண்டு மாதம் தள்ளினால் அந்த ஆண்டு விற்பனையும் தள்ளிப்போகும். ஆண்டுக்கு மூன்று வாரம் என்று தள்ளினால் கைப்பணம் முடங்காது.