சிறையில் தொடங்கும் சாகசம்: ‘அவுட் ஆஃப் தி அபிஸ்’ நூல் மதிப்புரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். அதை நடத்துகிறவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் எதிரியிடம் சிறைப்பட வேண்டும், ஆயுதமும் பணமும் பறிபோக வேண்டும், பிறகு வெறுங்கையோடு அவர்கள் தப்பித்து வர வேண்டும். எழுதி வைக்கும்போது அருமையாகத் தோன்றும் இந்தத் திட்டம் மேசையில் பெரும்பாலும் தடுமாறுகிறது. உயிரை விடத் தயங்காத ஆட்டக்காரர், பல மாதம் உழைத்துச் சேர்த்த மந்திர வாளை விடச் சம்மதிக்க மாட்டார். சரணடையச் சொன்னால் கடைசிச் சொட்டு இரத்தம் வரை சண்டையிடுவார். அவரை வலுக்கட்டாயமாகப் பிடித்தால், பகடைக்கு வேலையே இல்லையா என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1980-இல் ஜென் கான் என்ற ஆட்ட விழாவின் போட்டிக்காக எழுதப்பட்டுப் பின்னர் நான்கு நூல்களாக வெளிவந்த ‘அடிமை வணிகர்’ சாகச வரிசையில், மூன்றாம் நூலின் முடிவில் பாத்திரங்கள் பிடிபடுவார்கள். 1981-இல் லாரன்ஸ் ஷிக் எழுதிய நான்காம் நூல் அவர்களை உடைமைகள் ஏதுமின்றி நிலத்தடிக் குகைகளில் விட்டுத் தொடங்கும். ஒரே அளவில் மதிப்பெண் போட வேண்டிய போட்டிக்கு அது பொருந்தியது. ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தை வளர்த்து வரும் வீட்டுக் குழுவுக்கு அந்தக் கட்டாயத் தோல்வி கசப்பையே தரும்.

விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கிரீன் ரோனின் பதிப்பகத்துடன் இணைந்து 2015 செப்டம்பரில் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்காக வெளியிட்ட ‘அவுட் ஆஃப் தி அபிஸ்’ இந்த முடிச்சை எளிய வழியில் அவிழ்க்கிறது. பிடிபடும் காட்சியே இதில் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் நிலைப் பாத்திரங்கள் கண் விழிக்கும்போதே கழுத்தில் இரும்புப் பட்டையும் கையில் விலங்குமாக, அண்டர்டார்க் என்னும் பாதாள உலகில், டிரௌ என்னும் கரிய எல்ஃப் இனத்தாரின் காவல் நிலையம் ஒன்றில் அடைபட்டிருக்கிறார்கள். இழப்பதற்கு இன்னும் எதையும் சேர்க்காதவர்களிடமிருந்து எதைப் பறித்தாலும் மனம் வலிக்காது. 256 பக்கங்கள் கொண்ட இந்நூல் 15-ஆம் நிலை வரை செல்லும் நெடுந்தொடர்; வெளியானபோது அட்டை விலை 49.95 டாலர். ஆயினும் சிறையும் தப்பித்தலும் கொண்ட சாகசத்தைத் திட்டமிடுபவருக்கு முதல் இரண்டு அத்தியாயங்களே போதும் என்பதால், என் கவனத்தையும் அவற்றின்மீதே வைக்கிறேன்.

வெல்கின்வெல்வ் என்ற அந்தக் காவல் நிலையம் நல்ல கற்பனை. பெருங்குகையின் கூரையிலிருந்து தொங்கும் கூம்புப் பாறைகளைக் குடைந்து அறைகள் அமைத்து, அவற்றைப் பாலங்களால் இணைத்திருக்கிறார்கள். கீழே சிலந்தி வலை விரிந்திருக்கிறது. ஒரு பக்கம் அருவி விழுகிறது. ஆகவே வெளியேறும் வழி கதவு ஒன்றுதான் என்ற நிலை இல்லை. வலையில் குதிக்கலாம், அருவியோடு இறங்கலாம், சரக்கு ஏற்றும் தூக்கியைக் கைப்பற்றலாம். கைதிகளை ஏவல் வேலைக்கு வெளியே அழைத்துச் செல்வது இன்னும் சிறப்பான ஏற்பாடு. மலக்கலம் சுமந்து போகிறவன் வழியில் எத்தனை காவலர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரலாம். சிறைக் கதையில் ஆட்டக்காரருக்கு முதலில் தேவைப்படுவது ஆயுதமன்று, தகவல். அதைச் சேகரிக்க இந்நூல் இடம் கொடுக்கிறது.

அதைவிடச் சிறந்தது காவலர்களுக்குள் இருக்கும் பகை. தலைமைப் பூசாரி இல்வாராவின் சவால் மதிப்பு, அதாவது எதிரியின் வலிமையைக் காட்டும் எண், 8. முதல் நிலைப் பாத்திரங்கள் அவளை நேருக்கு நேர் எதிர்த்தால் ஓரிரு சுற்றில் மாண்டு போவார்கள். ஆனால் அவளுடைய காதலனாக இருந்த யோர்லான் காயத்தால் உருக்குலைந்தபின் ஒதுக்கப்பட்டிருக்கிறான். அவன் இடத்தில் இப்போது ஷூர் என்பவன் இருக்கிறான். இளைய பூசாரி ஆஷாவோ இல்வாராவின் பதவிமீது கண் வைத்திருக்கிறாள். வஞ்சம் தீர்க்கத் துடிக்கும் யோர்லான் கைதிகளுக்குக் கதவைத் திறந்துவிடக்கூட முன்வருவான். சுவரில் ஓட்டை தேடுவதைக் காட்டிலும் காவலர்களின் உறவில் ஓட்டை தேடுவது சுவையான ஆட்டம் என்பதை இந்நூலை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

என் குழுவில் ஐவர். முதல் அமர்விலேயே நான் யோர்லானைக் கொண்டு வந்தேன். அது என் அவசரம். அவன் பேச்சு முழுவதும் பொறி என்று முடிவு செய்த அவர்கள், திறந்து விடுகிறேன் என்றவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த இரண்டு அமர்வுகளைத் தூக்கியின் கயிற்றை அறுக்கும் திட்டத்தில் செலவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த உதவி கடைசியில் வந்திருந்தால் அதன் எடை வேறாக இருந்திருக்கும். நூலில் வரும், பறக்கும் அரக்கர்கள் காவல் நிலையத்தின்மேல் பாயும் நிகழ்ச்சிக்கும் இதையே சொல்வேன். திட்டங்கள் எல்லாம் முட்டி நிற்கும்போது அந்தக் குழப்பம் கைகொடுக்கும். முன்கூட்டியே நிகழ்ந்தால், தப்பித்தது தங்கள் திறமையால் அன்று என்ற நினைப்பு ஆட்டக்காரர்களிடம் தங்கிவிடும்.

உடன் அடைபட்டிருக்கும் பத்துக் கைதிகள் இந்நூலின் செல்வமும் சுமையும் ஆவர். எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டும் ஜிம்ஜார், தன்னை எல்ஃப் இளவரசன் என்று நம்பும் குவாகாத் என்னும் உரோமம் நிறைந்த விலங்கு மனித இனத்தைச் சேர்ந்த டெரெண்டில், யார் அடித்தாலும் கை ஓங்காத மீன்முகத் துறவி ஷூஷார், ஸ்டூல் என்ற காளான் குழந்தை என ஒவ்வொருவரும் தனித்து நிற்கிறார்கள். ஸ்டூல் சார்ந்த மைகோனிட் இனம் முதன்முதலில் தோன்றியதே மேலே சொன்ன 1981-ஆம் ஆண்டு நூலில்தான் என்பது பழைய வாசகர்களுக்குச் சின்ன மகிழ்ச்சி. ஆயினும் பத்துக் குரல்களை ஒருவரே பேசுவது இயலாத காரியம். தப்பித்தபின் ஐவரோடு பத்துப் பேரும் நடந்தால், விதிப்படி நாளொன்றுக்கு 15 பவுண்டு உணவும் 15 காலன், அதாவது ஏறத்தாழ 57 லிட்டர் நீரும் வேண்டும். காளானுக்கும் ஒரு பவுண்டு உணவா என்று என் மேசையில் எழுந்த விவாதம் அரை மணி நேரம் ஓடியது.

இந்தக் கணக்கு வெறும் வரவுசெலவு அன்று என்பதை இரண்டாம் அத்தியாயம் காட்டுகிறது. தப்பியவர்களை இல்வாரா துரத்துகிறாள். அவள் எவ்வளவு அருகில் இருக்கிறாள் என்பதை ஓர் எண் குறிக்கிறது. அது 4-இல் தொடங்கும். மெதுவாக நடந்தால் ஏறும், விரைந்தால் இறங்கும். விரைந்து நடப்பவர்களால் வழியில் உணவும் நீரும் தேட முடியாது. பசித்தவர்கள் நிதானித்தால் துரத்துபவர்கள் நெருங்குவார்கள்; ஓடினால் வயிறு காயும். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இத்தனை பதற்றத்தை உண்டாக்கியதை நான் மிகவும் மெச்சுகிறேன். வேறு எந்தச் சாகசத்துக்கும் இதை அப்படியே எடுத்து ஆளலாம். எண்ணை மறைக்காமல் மேசை நடுவில் ஒரு பகடையாக வைத்தேன். அதைத் திருப்ப நான் கை நீட்டும் போதெல்லாம் பேச்சு நின்றது.

குறைகளும் உண்டு. தப்பித்தலுக்கான செய்திகள் அறை விளக்கங்களிலும் கைதிகளின் குறிப்புகளிலும் காவலர் வர்ணனைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. யார் எங்கே உறங்குகிறார்கள், எந்த அறையில் ஆயுதம் இருக்கிறது, யாருக்கு யார்மீது பகை என்பவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளாமல் இதை நடத்த முடியாது. எனக்கு அதற்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது. மந்திரப் புத்தகம் இல்லாத மந்திரவாதியின் ஆட்டக்காரர் கை கட்டி உட்கார்ந்திருக்கும் நிலையை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். என் குழுவில் ஒரு சக கைதி தன் கந்தல் துணியில் சில மந்திரங்களைக் கரியால் எழுதி வைத்திருந்ததாகச் சேர்த்துக்கொண்டேன். தவிர, அடிமைத்தனம் கதையின் மையத்தில் இருப்பதால் பாத்திரங்களை உருவாக்கும் முன்பே அதைச் சொல்லிச் சம்மதம் பெறுவது கட்டாயம். என் குழுவில் ஒருவர் கழுத்துப் பட்டை வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன், கதை துளியும் குறையவில்லை.

நெடுந்தொடராக நடத்த நினைப்பவர்களுக்கு இதை அரை மனத்தோடுதான் பரிந்துரைப்பேன். பின்பாதியில் தப்பியோடும் கைதிகள் படை திரட்டும் தலைவர்களாக மாறும்போது முதல் அத்தியாயங்களின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. நான்கைந்து அமர்வுகளுக்கான சிறைச் சாகசம் மட்டும் வேண்டுவோர் தயங்காமல் வாங்கலாம். மீண்டும் நடத்தினால் பத்துப் பேரில் ஜிம்ஜார், டெரெண்டில், ஷூஷார், ஸ்டூல் ஆகிய நால்வரை மட்டும் வைத்துக்கொள்வேன். மூன்றாவது அமர்வு முடியும் வரை யோர்லானை வாய் திறக்க விடமாட்டேன்.