டி-ரேஸ் மோட்டோஜிபி: பேட்டரியா, ஆட்டோமேடிக்கா, பிரைட்லிங்கா?

கார் பந்தயத்தின் பெயரில் விற்கும் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரங்களைத் தேடினால் ஒரு தெருவே நிறையும். பைக் பந்தயத்தின் பெயரில் தேடினால் கடை ஒன்றிரண்டில் முடிந்துவிடும். அதிலும் எண்ணிட்டு, அளவாகத் தயாரித்து வரும் பதிப்பு வேண்டும் என்றால் என் பட்டியலில் தேறியவை மூன்றுதான். சுவிஸ் நிறுவனமான டிஸ்ஸோ ஆண்டுதோறும் வெளியிடும் டி-ரேஸ் மோட்டோஜிபி சிறப்புப் பதிப்பின் குவார்ட்ஸ் வடிவம், அதே பதிப்பின், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேடிக் வடிவம், இன்னொரு சுவிஸ் நிறுவனமான பிரைட்லிங் 2021-இல் கொண்டுவந்த டாப் டைம் டியூஸ். நான் வாங்கியது முதலாவது, அதாவது பேட்டரியில் ஓடுவது. கட்டுரை எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

பந்தயத்தோடு உள்ள உறவு யாருக்கு நெருக்கம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. டிஸ்ஸோ 2001 முதல், உயர்மட்ட பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியின் அதிகாரப்பூர்வ நேரக் கணிப்பாளர். தொலைக்காட்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்துபோகும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கோடு அந்தப் பெயரும் வரும். அந்தக் கணக்கின் அருமை தெரிய வேண்டுமானால் 2006-இல் எஸ்டோரிலில் நடந்த போர்ச்சுகல் பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். டோனி எலியாஸ், வாலன்டினோ ரோஸியை 0.002 விநாடியில் முந்தினார். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஐந்து புள்ளி வித்தியாசம். அந்த ஆண்டு நிக்கி ஹேடன் 252 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார், ரோஸிக்கு 247. அந்த ஐந்து புள்ளியும் ரோஸிக்குப் போயிருந்தால் இருவரும் சமம். அதிக வெற்றிகள் பெற்றவர் என்ற கணக்கில் பட்டம் ரோஸிக்கே போயிருக்கும். கண் இமைப்பதற்குள் நூறு தடவை நடந்து முடிந்துவிடக்கூடிய ஒரு இடைவெளியில் உலகப் பட்டம் கைமாறியது. பின்னாளில் ஹேடன் பெயரிலேயே டி-ரேஸ் சிறப்புப் பதிப்புகள் வந்தன. 2017-இல் அவர் மறைந்த பிறகு அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது கடிகாரத்தை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

பிரைட்லிங்கின் உறவு வேறு மாதிரி. டாப் டைம் 1960-களில் இளைஞர்களைக் குறிவைத்து வந்த வரிசை. டியூஸ் என்பது ஆஸ்திரேலியாவில் தொடங்கிய, பைக்குகளைத் தங்கள் ரசனைக்கு மாற்றிக் கட்டும் நிறுவனம். இதில் வரும் பைக் உலகம் பந்தயத் தடத்தைச் சேர்ந்தது இல்லை. தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை விரட்டிய லண்டன் இளைஞர்களின் கஃபே ரேஸர் மரபைச் சேர்ந்தது. மின்னல் வடிவில் வெட்டிய குரோனோகிராஃப் முள்ளும் அந்த மரபின் குறும்புதான். எனக்கு அந்த முள் மீது பொறாமை உண்டு. டி-ரேஸின் எந்த அலங்காரமும் அதற்கு ஈடாகாது.

டி-ரேஸின் அலங்காரமோ கொஞ்சம் அதிகம். கண்ணாடியைச் சுற்றிய வளையம் பிரேக் டிஸ்க் போல. பட்டன்கள் கால் வைக்கும் மிதியடி போல. ரப்பர் பட்டையில் டயரின் வரிகள். போதாதென்று ஹெல்மெட் வடிவப் பெட்டி வேறு. பைக் ஓட்டாத நண்பர்களுக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஓட்டுகிறவர்களுக்கும் சில நாள் அப்படித்தான் தெரியும். பிடிக்கும் அல்லது பிடிக்காது. இதில் வாதாடி யாரையும் மாற்ற முடியாது.

தாங்குதிறனில் பேச அதிகம் இல்லை. மூன்றுமே நூறு மீட்டர் நீர் தாங்கும் என்று குறிக்கப்பட்டவை, மூன்றிலும் சஃபையர் கண்ணாடி. நீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

அளவில் ஒரு சொல். குவார்ட்ஸ் வடிவத்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். ஆட்டோமேடிக் அதைவிட அகலம், அதைவிடத் தடிமன். ரைடிங் ஜாக்கெட்டின் கைப்பகுதிக்குள் நுழைய மறுக்கும். பிரைட்லிங் 41 மில்லிமீட்டர். ஒல்லியான மணிக்கட்டுக்கு அதுதான் அழகு. விலையில் ஆட்டோமேடிக் டி-ரேஸ் குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பிரைட்லிங் பல மடங்கு.

இனி நான் நிற்க விரும்பும் இடம்: வாங்கிய பிறகு வருடாவருடம் அது உங்களிடம் கேட்கப்போவது என்ன? கடிகார ரசிகர்கள் கூடுமிடங்களில் குவார்ட்ஸ் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. உயிர் இல்லை, துடிப்பு இல்லை என்பார்கள். துடிப்பைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். நவீன ஆட்டோமேடிக் குரோனோகிராஃப் பெரும்பாலும் மணிக்கு 28,800 முறை துடிக்கும். அதாவது விநாடிக்கு எட்டு முறை, எனவே விநாடியில் எட்டில் ஒரு பங்குவரை அளக்கும். டி-ரேஸின் பழைய ஆட்டோமேடிக் பதிப்புகளில் இருந்த சி01.211 என்ற இயந்திரம் 21,600 முறைதான். விநாடியில் ஆறில் ஒரு பங்கு. குவார்ட்ஸ் வடிவத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கைக் காட்டத் தனி வட்டமே இருக்கிறது. 2023-இல் முஜெல்லோவில் பிராட் பிண்டர் எட்டிய 366.1 கிலோமீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு விநாடி என்பது பத்து மீட்டர் தூரம். ஆறில் ஒரு பங்கு என்றால் பதினேழு மீட்டர். பந்தயத்தின் பெயரைச் சுமக்கும் கருவி எதைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று கேட்டால், இந்தப் போட்டியில் இளக்காரத்துக்கு உள்ளானது முன்னே நிற்கிறது.

ஆனால் துல்லியத்துக்காக நான் இதை வாங்கவில்லை. சுற்று நேரம் அளக்கக் கைபேசியே போதும். பராமரிப்புக்காகத்தான் வாங்கினேன். ஆட்டோமேடிக் குரோனோகிராஃப் என்பது ஒரு கடிகாரத்தின் மேல் இன்னொரு கடிகாரத்தை ஏற்றி வைத்தது மாதிரி. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடி பூட்ட வேண்டும். சாதாரண மூன்று முள் ஆட்டோமேடிக்குக்கு ஆகும் செலவைவிட இது கணிசமாக அதிகம், நேரமும் அதிகம். சி01.211-இல் இன்னொரு சிக்கல்: அதன் சில பாகங்கள் பிளாஸ்டிக். பழுது பார்ப்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிரித்துச் சரிசெய்வதைவிட இயந்திரத்தையே மாற்றுவது எளிது என்பது நான் கேட்டவர்களின் கருத்து. அதே டி-ரேஸில் வால்ஷூ 7750 குடும்ப இயந்திரம் உள்ள பதிப்பு கிடைத்தால் நிலைமை மாறும். 1970-களிலிருந்து ஓடிவரும் குடும்பம் அது; உதிரிபாகமும், அதைத் தெரிந்த கைகளும் பெரும்பாலான நகரங்களில் கிடைக்கும். ஆகவே ஆட்டோமேடிக் டி-ரேஸ் பார்ப்பவர்கள், குறிப்பாகப் பழையது பார்ப்பவர்கள், உள்ளே எந்த இயந்திரம் என்று முதலில் கேளுங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

7750 குடும்பத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதன் சுழல் எடை ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றும். மறு திசையில் தடையின்றிச் சுற்றும். கையை அசைத்தால் உள்ளே ஏதோ உருள்வது தெரியும். சிலருக்கு அது இனிமை. பைக்கின் கைப்பிடி அதிர்வு ஏற்கெனவே மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போது எனக்கு அது கூடுதல். அதிர்வு ஆட்டோமேடிக்கைக் கெடுக்கும் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன்; ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நுண்ணிய நெம்புகோல்கள் கொண்ட ஒன்றை வேண்டுமென்றே அதிர வைத்துவிட்டுப் பிறகு பெரிய சர்வீஸ் பில்லைக் கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

குவார்ட்ஸ் வடிவத்தின் பராமரிப்பு சில வரிகளில் அடங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி. அது தீரும் தறுவாயில் விநாடி முள் ஒவ்வொன்றாக நகராமல் நான்கு நான்காகத் தாவி முன்கூட்டியே சொல்லிவிடும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையத்தை மாற்றி, நீர் புகுமா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தெருமுனைக் கடையில் பேட்டரி மாற்றினால் இந்தச் சோதனை நடக்காது, மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்த பிறகுதான் தெரியும். குரோனோகிராஃபை நாள் முழுதும் ஓடவிட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகும். இயந்திரமே பழுதானாலும் அது ஈட்டா என்ற சுவிஸ் இயந்திரத் தயாரிப்பாளரின் ஜி10 வகை. எத்தனையோ கடிகாரங்களில் இருப்பது, மொத்தமாக மாற்றினாலும் ஆட்டோமேடிக்கின் ஒரு சர்வீஸ் செலவைத் தொடாது.

குறை ஒன்று உண்டு, சிரிப்பை வரவழைக்கும் குறை. நிமிடக் கணக்கு முப்பதோடு முடிந்து மறுபடி தொடங்குகிறது. மோட்டோஜிபியின் முழுப் பந்தயம் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். மோட்டோஜிபி பெயர் பொறித்த கடிகாரத்தில் மோட்டோஜிபி பந்தயம் ஒன்றை ஒரே சுற்றில் அளக்க முடியாது. 2023-இல் சனிக்கிழமைகளில் சேர்த்த பாதித்தூர ஸ்பிரின்ட் பந்தயம் மட்டும் உள்ளே அடங்கும். பிரைட்லிங்கும் முப்பதோடுதான் நிற்கிறது என்பது ஒரு ஆறுதல்.

பராமரிப்பில் பிரைட்லிங் தெளிவாக வெல்லும் இடம் பட்டை. டி-ரேஸின் பட்டை உடலோடு பொருந்தும்படி தனி வடிவில் வார்த்தது. கடையில் தொங்கும் எந்தப் பட்டையும் அதில் பொருந்தாது. நிறுவனத்தின் அதே வார்ப்புதான் வேண்டும். அந்த ஆண்டுப் பதிப்பின் நிறத்தில் வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். நம் ஊர் வியர்வையில் ரப்பர் பட்டை எத்தனை காலம் பொலிவோடு இருக்கும் என்று பைக் ஓட்டுபவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடிகாரம் இருபது ஆண்டு ஓடும், பட்டை அதில் கால்வாசிகூடத் தாங்காது. அதனால் வாங்கும்போதே அதே நிறத்தில் ஒரு பட்டையை உபரியாக வாங்கிவிட்டேன். பத்தாண்டு கழித்து அந்த நிறம் கிடைக்காமல் போனால் கறுப்புப் பட்டையில் அணிய வேண்டியிருக்கும். எண்ணிட்ட பதிப்பு என்ற பெருமையில் பாதி அன்றே போய்விடும். இதே தலைவலி ஆட்டோமேடிக் டி-ரேஸுக்கும் அப்படியே பொருந்தும். டாப் டைமில் பட்டையைப் பிடிக்கும் வழக்கமான இரு ஊசிகள், வழக்கமான தோல் பட்டை. எங்கும் மாற்றலாம்.

பிரைட்லிங்கைப் பற்றி இதற்கு மேல் நான் உறுதியாகப் பேசுவது சரியாக இராது. ஷோரூமில் கையில் கட்டிப் பார்த்ததோடு சரி. அதோடு வாழ்ந்து பார்த்ததில்லை. உள்ளே இருப்பது 7750 வழிவந்த காலிபர் 23 என்ற இயந்திரம், துல்லியச் சான்றிதழ் பெற்றது, கழற்றி வைத்தாலும் ஏறக்குறைய 48 மணி நேரம் சேமிப்பில் ஓடும். அந்த விலைக்குரிய நேர்த்தி டயலில் தெரிகிறது. ஆனால் டிராஃபிக்கில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அந்த நேர்த்தி மணிக்கட்டில் இருப்பதை என்னால் நிம்மதியாக ஏற்க முடியும் என்று தோன்றவில்லை. வார இறுதியில் மட்டும், காலை நேரச் சாலையில் பழைய ட்ரையம்ஃபோ என்ஃபீல்டோ எடுத்துச் செல்பவர்களுக்கு அது பொருந்தலாம்.

மறுவிற்பனைக்கு வருவோம். எண்ணிக்கை குறைவு என்றாலே விலை ஏறும் என்ற நம்பிக்கையோடு டி-ரேஸ் வாங்காதீர்கள். ஒரு பதிப்புக்கு ஆயிரக்கணக்கில் தயாராகிறது, அடுத்த ஆண்டு புதுப் பதிப்பு வந்துவிடுகிறது, சுவிஸ் குவார்ட்ஸ் என்றாலே பயன்படுத்திய சந்தையில் இறக்கம்தான். நானே எதையும் விற்றுப் பார்க்கவில்லை. விளம்பரங்களில் கேட்கப்படும் விலையைப் பார்த்துச் சொல்கிறேன், கேட்கிற விலை கிடைத்த விலை ஆகாது. 1,500 எண்ணிக்கையில் மட்டும் வந்த டியூஸ் கொஞ்சம் நிலைத்து நிற்கக்கூடும். ஆனால் அதை விற்பதற்குள் வரும் ஒரு சர்வீஸ் செலவையும் கழித்துப் பாருங்கள். குவார்ட்ஸ் டி-ரேஸில் இழக்கக்கூடிய மொத்தத் தொகையே அந்தக் கழிவைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் மதிப்பீடு.

இந்த இறக்கம் வாங்குகிறவருக்கு நல்லது. பழைய ஆண்டுப் பதிப்பு குவார்ட்ஸ் ஒன்றைக் குறைந்த விலையில் பிடிக்க நினைப்பவர்கள் ஹெல்மெட் பெட்டி இருக்கிறதா, பின்மூடியில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பட்டையை வளைத்து, ஊசி பொருந்தும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பிறகு குரோனோகிராஃபை ஓடவிட்டு நிறுத்திப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புங்கள். முள் பன்னிரண்டில் சரியாக நிற்காவிட்டால் பயந்து பேரத்தை விட வேண்டாம். குவார்ட்ஸில் நேரம் மாற்றும் பக்கவாட்டுக் குமிழை வெளியே இழுத்துப் பட்டன்களை அழுத்தினால் முள்ளை இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அதே கோளாறு ஆட்டோமேடிக்கில் தெரிந்தால் மூடியைத் திறந்தாக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.